இருபதாவது தலை

கட்டடக் கான்ட்ராக்டரின் சொந்த வீட்டைப் பார்த்து அவர் தொழிலை எடைபோடக் கூடாது. டாக்டர் தும்முவதை வைத்து அவர் படிப்பைச் சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடும். இருந்தாலும் நான் குடியிருந்த வீட்டைப் பற்றிச் சொல்லித்தான் தீர வேண்டும். தெருப்பக்கம் வழுவழுவென்று பூச்சு, ஜன்னலுக்கு நல்ல தேக்கு. உள்ளே நடைவழியில் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு பரண் இருந்தது. பரணுக்குக் கீழ்வரை பூசி வெள்ளையடித்துவிட்டு, மேலே அப்படியே விட்டிருந்தார்கள். கேட்டால், "அடுத்த மாசம் பூசிடலாம்" என்பார் வீட்டுக்காரரான கான்ட்ராக்டர் அண்ணன். அந்த அடுத்த மாசத்துக்கு ஒன்பது வயதாகியிருந்தது.

நான் அந்த வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். மனு, விண்ணப்பம், உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுப்பது தொழில். ஊரில் எல்லோரும் ரைட்டர் என்பார்கள். என் படைப்புகள் முழுவதும் அரசாங்க அலமாரிகளில் கரையானால் வாசிக்கப்பட்டு வருகின்றன. திருப்பி அனுப்பப்பட்டவை மட்டும் இரண்டாம் பதிப்பு கண்டிருக்கின்றன. கல்யாணம் ஆகவில்லை. என் ஜாதகத்தைக்கூட எவனோ தப்பாக நிரப்பிவிட்டான் என்று நினைக்கிறேன். சாப்பாடு அண்ணியிடம். பதிலுக்கு வெங்காயம் உரிப்பேன், அண்ணனுடைய கடுதாசி வேலைகளைப் பார்ப்பேன்.

அந்த வருஷம் அண்ணனுக்குக் கடுதாசி வேலை கூரையைத் தொட்டது. கட்டுமானத் தொழிலுக்குப் புதுச் சட்டம் வந்திருந்தது. சங்கக் கூட்டத்தில் ஒரு வக்கீல் திரையில் படம் காட்டி விளக்கினார். கான்ட்ராக்டர்கள் பிஸ்கட் தின்றபடி கேட்டார்கள். நான் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். வேலையாள் ஒவ்வொருவருக்கும் கைரேகையோடு ஒரு எண். எண் இல்லாத ஆள் இரண்டு மாதம் கழித்து வரும் ஒன்றாம் தேதியிலிருந்து சைட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. பத்து வருஷத்துப் பழைய பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பழைய பதிவில் பொய் இருந்தால் தொண்ணூறு நாளுக்குள் தானாக வந்து சொல்லிவிடலாம். விசாரணை உண்டு, ஜெயில் இல்லை. அதற்கப்புறம் அவர்களாகக் கண்டுபிடித்தால் மூன்று வருஷம்.

கடைசியாக ஒன்று. காலையும் மாலையும் முதலாளியே வாசலில் நின்று தலை எண்ணி, தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வேலை நிறுத்தம்.

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த அண்ணன் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அவருடைய பழக்கம் எனக்குத் தெரியும். சைட் இரண்டு தெரு தள்ளித்தான். சாயங்காலம் வாசலில் நின்று, ஆட்கள் வெளியே போகும்போது விரல் மடக்கி எண்ணுவார். அப்போது பத்தொன்பது பேர் வேலை பார்த்தார்கள். அவருக்கு இருபது வரும். மறுபடி வரிசையில் நிறுத்தி எண்ணினால் பத்தொன்பது. நடக்கவிட்டு எண்ணினால் இருபது. முந்தின சைட்டில் முப்பத்திரண்டு பேர் இருந்தபோது முப்பத்து மூன்று வந்ததாம். "கண்ணு டாக்டரைப் பாருங்கண்ணே" என்று ஒருதரம் சொன்னேன். "கண்ணு நல்லாத்தான் இருக்கு ரைட்டரே. அதான் பிரச்சினை" என்றார். நான் ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன்.

அண்ணியின் கணக்கும் அதேதான். நாலு மணிக்கு வீட்டிலிருந்து பெரிய கெட்டிலில் டீ போகும். அண்ணியே தூக்கிப் போய் ஊற்றுவாள். பத்தொன்பது டம்ளர் ஊற்றி, இருபதாவதையும் ஊற்றி மணல் மேட்டின் மேல் வைப்பாள். ஆறினதும் கொட்டிவிட்டுக் கழுவிக் கொண்டுவருவாள். வேண்டுதலா என்றால் இல்லை. "கை அப்படியே பழகிடுச்சு" என்பாள்.

சட்டம் வந்த பிறகு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். எண்ணி வந்ததில் ஒன்றைக் கழித்து எழுதினார். இதைச் சட்டமும் கேட்கவில்லை, அரசாங்கமும் கேட்கவில்லை. ஒரு மாதம் அப்படியே ஓடியது. அந்த மாதத்தில்தான் நான் பழைய பதிவேடுகளை எல்லாம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சேர்ந்தவர், விலகியவர், காயம்பட்டவர். இறந்தவர் என்ற தலைப்பில் ஒரே ஒரு பெயர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை. சமையலறை வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால், ஒரு கம்பி முறிந்த குடையோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். கைவிரல் எல்லாம் பழைய கீறல் தழும்பு. சட்டைப் பையில் கட்டுக்கம்பி முறுக்கும் கொக்கி ஒன்று எட்டிப் பார்த்தது. கம்பி கட்டுகிறவர் என்று சொல்லாமலே தெரிந்தது.

"மேஸ்திரி இருக்காருங்களா?"

அண்ணனை மேஸ்திரி என்று யாரும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. "என்ன விஷயம்?" என்றேன்.

"நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அதைக் கொஞ்சம் மாத்திக் குடுக்கச் சொல்லணும் சார்."

நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த காகிதத்தை நீட்டினார். எண் வாங்கக் கைரேகை வைக்கப் போயிருக்கிறார். பேர், அப்பா பேர், பிறந்த தேதி மூன்றும் ஒரு பதிவோடு ஒத்துப்போயிருக்கின்றன. எதிரே, காலமானார் என்று அச்சிட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். போன மாதம் நான் தட்டிய அதே பெயர். அதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நீல மையில், நல்ல கையெழுத்தில் நான் எழுதிய அதே பெயர். உருளைக்கிழங்கு என் கையிலேயே இருந்தது. அதை அவரிடம் நீட்டிவிட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டேன். பாவம், அவர் வாங்கியும் கொண்டார்.

"யாருப்பா?" என்று அண்ணி வந்தாள். காகிதத்தை என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். "இது நம்ம விசில் பேராச்சே. இவரு யாரு, அவனுக்கு அண்ணனா?"

"நான்தாங்க்கா அந்தப் பேரு."

தலையைத் துவட்டியபடி அண்ணன் நடைக்கு வந்தார். ஆளைப் பார்த்தார். துண்டு தலையிலேயே இருக்க, செருப்பு வைக்கிற பலகையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் எடைக்கு அது செய்ததல்ல; ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா" என்றார்.

"வந்துட்டேன் மேஸ்திரி. வெளியூர்ல இருந்தேன். முழங்கால் வலி, ஏறி இறங்க முடியல. இங்கயே ஒரு சைட்ல தரையில உட்கார்ந்து கம்பி வளைக்கிற வேலை இருக்கு. ஒண்ணாம் தேதிக்குள்ள நம்பரோட வான்னாங்க. ஆபீஸ்ல போனா அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, உன்னைச் சாகடிச்ச முதலாளிகிட்டயே போய் லெட்டர் வாங்கிட்டு வான்னுட்டாங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "பொண்டாட்டி மட்டும் கேட்டா, அப்ப நான் இத்தனை நாளா சமைச்சுப் போட்டது யாருக்குன்னு."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க. இவரு இந்தப் பேருன்னா, செத்தவன் யாரு?"

சமையலறையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். மழை தகரத்தின் மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அண்ணி அடுப்பில் பாலை வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். அண்ணன் மேஜையைப் பார்த்தே பேசினார்.

"இவரு வேலையை விட்டுட்டுப் போன மறுநாள் அவன் வந்தான். புது ஆளைச் சேர்க்கணும்னா மூணு காப்பி ஃபாரம், ரெண்டு போட்டோ, அரை நாள் போய் நிக்கணும். இவரு உள்ள நுழையக் காட்டுற கேட் கார்டை வாசல்ல குடுத்துட்டுப் போயிருந்தாரு. அதையே எடுத்து அவன் கையில குடுத்தேன். இனிமே இதான் உன் பேருன்னேன். அப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் ஓட்டுனாங்க."

"அது உண்மைதாங்க்கா" என்றார் கம்பிக்காரர். "நானே அதுக்கு முன்னாடி எட்டு மாசம் வேற ஒருத்தன் பேர்ல ஓடியிருக்கேன். அந்தாளுக்குச் சர்க்கரை வியாதி. சைட்ல டாக்டர் வந்து சீட்டைப் பார்த்துட்டு, எனக்கு இனிப்பே குடுக்கக் கூடாதுன்னுட்டாரு. எட்டு மாசம் சக்கரை இல்லாத டீ."

"கார்டுல போட்டோ இருக்குமே?" என்றாள் அண்ணி.

"சிமென்ட் பட்டு அழிஞ்சுபோச்சு. மூக்கு மட்டும்தான் தெரிஞ்சது" என்றார் அண்ணன். "மூக்கு எல்லாருக்கும் இருக்கு."

விசில் என்றுதான் அவனைக் கூப்பிட்டார்கள். காலையில் பெயர் வாசிக்கும்போது, அந்தக் கார்டின் பெயர் வந்ததும் 'உள்ளேன்' சொல்லாமல் ஒரு சின்ன விசில் அடிப்பான். அடுத்தவன் பெயருக்கு வாயால் பதில் சொல்லக் கூச்சப்பட்டானோ என்னவோ. சுமை ஏற்றும்போது முழுசாக ஒரு பாட்டு. எந்தப் பாட்டென்று யாருக்கும் பிடிபடவில்லை. ஏறும்போது தொடங்கி, மேலே போய் இறக்கி வைக்கும்போது முடிப்பான். இந்த வீட்டுக்கும் வந்திருக்கிறான். நாங்கள் குளிக்கிற குளியலறையின் ஓடு அவன் தூக்கி வந்ததுதான். நானே ஒருநாள் என் அறையிலிருந்து, "தம்பி, கொஞ்சம் மெதுவா ஊதுப்பா, இங்க இலக்கியம் நடக்குது" என்று கத்தியிருக்கிறேன். அன்று எழுதிக்கொண்டிருந்தது ஒரு குடிநீர் இணைப்பு மனு.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லுங்க" என்றாள் அண்ணி. "என்கிட்ட ஒரு தடவைகூட நீங்க முழுசாச் சொன்னதில்லை."

"நாலாவது மாடிக்குக் குழாய் ஏத்திட்டு இருந்தாங்க. குழாய் நீளம், படியில திரும்பல. மூணாவது மாடியில லிஃப்ட் குழிக்குக் குறுக்கப் போட்டிருந்த பலகை இடிச்சுது. எடுத்துருங்கடான்னு நான்தான் சொன்னேன். வேலை முடிஞ்சதும் போட்டுக்கலாம்னேன்." அண்ணி பக்கம் திரும்பினார். "நீ கீழ டீ ஊத்திட்டு இருந்தே. நாலு மணி. அவன் கடைசிக் குழாயோட ஏறினான். விசில் கேட்டுட்டே இருந்துச்சு. மூணாவது மாடியில பாதியில நின்னுச்சு. அப்புறம்தான் சத்தம்."

பால் பொங்கியது. யாரும் எழவில்லை. கம்பிக்காரர்தான் கை நீட்டி அடுப்பை அணைத்தார்.

"ஆஸ்பத்திரியில பேரு கேட்டாங்க. பையில கார்டு இருந்துச்சு, படிச்சாங்க. இவருதானேன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். வேற ஆளுன்னு சொன்னா, ஆள் மாத்தி ஓட்டுனதும் வெளிய வரும், பலகையும் வரும். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். சாயங்காலம் திரும்பி வந்து, பழக்கதோஷத்துல வாசல்ல நின்னு எண்ணினேன். அன்னைலேருந்து ஒரு தலை கூடத்தான் வருது."

"கார்டில் இருந்த முகவரிக்குக் கடிதம் போட்டோம்" என்று நான் ஆரம்பித்தேன். எனக்கே என் குரல் மனு வாசிப்பது போலக் கேட்டது. "அது இவர் காலி செய்துவிட்டுப் போன அறை. கடிதம் திரும்பி வந்தது. உறவினர் இல்லை என்று..."

"எழுதினது நீதானே?" என்றாள் அண்ணி.

"நான்தான். ஆனா அது வேற ஆளுன்னு எனக்குத் தெரியாது அண்ணி."

"கேட்டியா?"

கேட்கவில்லை. பிழையில்லாமல் எழுதினேன், அவ்வளவுதான். அந்தப் படிவம் ஒரே முறையில் ஏற்கப்பட்டது. அதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஒன்பது வருஷமா தப்பான பேருக்கு டீ ஊத்திட்டு இருந்திருக்கேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல். "நல்லா இருக்கியான்னு தினம் அந்தப் பேரைச் சொல்லி மனசுக்குள்ள கேப்பேன்."

"அதான் எனக்கு இத்தனை நாள் ஒண்ணும் ஆகலயோ என்னவோ" என்றார் கம்பிக்காரர் மெல்ல.

ஒன்றாம் தேதிக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இருபது வருஷத் தொழில் புத்தி சும்மா இருக்குமா? "தட்டச்சுப் பிழைன்னு ஒரு கடிதம் குடுத்துடலாம். இவரு உயிரோட இருக்காரு, தவறாகப் பதிவேற்றப்பட்டதுன்னு. பழைய ஃபைல்ல சாவு இருக்கேன்னு கேட்டா, விலகிப்போன ஆள் பேரு எத்தனையோ இருக்கு. திரும்பி வரமாட்டான்னு தெரிஞ்ச ஒரு பேரா எடுத்து..."

"போடு" என்றாள் அண்ணி. "ஒன்பது வருஷம் கழிச்சு ஒரு மழைநாள்ல அவனும் வந்து மணி அடிப்பான். நீ அப்பவும் உருளைக்கிழங்கு சீவிட்டு இரு."

நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். அது இன்னும் கம்பிக்காரர் கையில்தான் இருந்தது.

"உண்மையைச் சொல்றதுன்னாலும் அவன் பேரு வேணும்ல" என்றார் அண்ணன். "பேரு தெரியாதே."

"அவன் சாமான் எங்க?" என்றாள் அண்ணி. "ஷெட்லதானே தங்கியிருந்தான். ஒரு பை வச்சிருப்பான். அது எங்க போச்சு?"

அண்ணன் கண் நடைவழிப் பக்கம் ஒருதரம் போய்த் திரும்பியது. அண்ணி எழுந்தாள். நடையில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பரணில் பழைய பெயிண்ட் வாளிகளுக்குப் பின்னால் கையை விட்டு, சுவரோரமாக இருந்த நீல நிறப் பிளாஸ்டிக் பையை இழுத்தாள். ஒன்பது வருஷத் தூசி எங்கள் மூன்று பேர் தலையிலும் கொட்டியது. அந்தச் சுவர் ஏன் பூசப்படவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பூசுவதென்றால் பரணைக் காலி செய்ய வேண்டும்.

பையின் வாய் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தது. கம்பிக்காரர் வாங்கி, விரலால் முடிச்சைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு சுத்து போதும் மேஸ்திரி. ஆறு சுத்து போட்டிருக்கீங்க. இது பயந்தவன் போட்ட முடிச்சு." கொக்கியை மாட்டி எதிர்ப்பக்கமாகச் சுழற்றினார். துருப்பிடித்த கம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் முனகியது.

இரண்டு சட்டை. கையளவு கண்ணாடி. உறையோடு ஒட்டிப்போன பாதிச் சோப்பு. அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அண்ணிதான் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே, மேலே நடுவில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கோடு போட்டு அவன் பெயர். கீழே, அக்கா வீடு என்று எழுதி ஒரு முகவரி, ஒரு போன் நம்பர்.

தேட வேண்டியிருக்கவே இல்லை. அதுதான் எங்களை உட்கார வைத்துவிட்டது.

"பேரு தெரியாதுன்னீங்க" என்றாள் அண்ணி.

"தெரியாது" என்றார் அண்ணன். துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். "உள்ள இருக்கும்னு தெரியும். அதான் தொறக்கல."

அண்ணி அந்தப் பெயரை ஒருதரம் வாய்விட்டுப் படித்தாள். பிறகு கொஞ்சம் மெதுவாக இன்னொரு தரம். புது ஆள் வீட்டுக்கு வந்தால் பெயரைச் சொல்லிப் பழகுவோமே, அப்படி.

மறுநாள் தொழிலாளர் அலுவலகத்துக்கு அண்ணன், கம்பிக்காரர், நான் மூவரும் போனோம். உயரமான கூரை, நீளமான பெஞ்சு, ஓடுகிற ஒரு ஃபேன், ஓடாத இரண்டு. கவுண்டரில் ஜலதோஷம் பிடித்த ஒரு அம்மா. கம்பிக்காரரைப் பார்த்ததும், "வாங்க, காலமானவரே" என்றாள். அண்ணன் கொடுத்த தன்னறிவிப்புப் படிவத்தை வாங்கிப் படிக்கப் படிக்க அவள் மூக்குறிஞ்சுவது நின்றுவிட்டது.

"பலகையை எடுக்கச் சொன்னதையும் எழுதியிருக்கீங்க. அது கட்டாயம் இல்லையே."

"எழுதிட்டேங்க."

"இதைக் குடுத்ததும் உங்க லைசென்ஸ் நிக்கும், தெரியுமில்ல? இப்ப நடக்கிற சைட்டும் நிக்கும். விசாரணை முடிய ஒரு வருஷம் ஆகுமோ, ரெண்டு ஆகுமோ."

"தெரியுங்க."

அவள் பேனாவால் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். "தாமதத்துக்குக் காரணம் காலியா இருக்கே."

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று எனக்கு முந்தின நாள் முழுக்கத் தெரியவில்லை. நிர்வாகக் காரணங்களால் என்று நூறு மனுவில் எழுதியவன் நான். அண்ணனைப் பார்த்தேன்.

"பயம்னு எழுது" என்றார்.

எழுதினேன். அதற்கு அடுத்த கட்டம், முந்தைய படிவத்தை நிரப்பியவர். அதில் என் பெயரை எழுதினேன். அரசாங்கக் காகிதம் ஒன்றில் என் பெயரை நானே எழுதியது அதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாக வந்தது.

"இன்னொண்ணு பாக்கி இருக்கு" என்றாள் அவள். "குடும்பத்துக்குத் தெரிவிச்ச தேதி. இது இல்லாம நான் வாங்க முடியாது. லெட்டர் போட்டேன், ஆள் அனுப்பினேன்னா செல்லாது. முதலாளி தன் வாயால சொல்லணும். புதுச் சட்டம்." பேனாவை மூடிவிட்டு, "பெஞ்சுல உட்கார்ந்து பேசிட்டு வாங்க. அவசரம் ஒண்ணும் இல்லை" என்றாள்.

நோட்டில் இருந்த நம்பருக்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. உபயோகத்தில் இல்லை என்று வரும் என்று நான் நினைத்தேன். வந்துவிடாதா என்றுகூட நினைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். போனை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

அண்ணன் பெயரைச் சொன்னார். அவன் பெயரைச் சொல்லி, அவன் அக்காவா என்று கேட்டார்.

"ஆமா, ஆமா, நான்தான். அங்க இருக்கானா?" பெண் குரல் மூச்சு வாங்கியது. எங்கிருந்தோ ஓடி வந்து எடுத்திருக்க வேண்டும். "எனக்குத் தெரியும், இந்த நம்பருக்குத்தான் பண்ணுவான்னு. மாத்தவே விடலயே நான். நீங்க அவன் முதலாளியா? கோவிச்சுட்டுப் போனவன், ஒரு வார்த்தை இல்லை. ஒழுங்கா வேலை பார்க்கிறானா?"

அண்ணன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"விசில் அடிக்கிறான்னு திட்டாதீங்க அய்யா. சின்னதுல இருட்டுன்னா பயப்படுவான், நான்தான் கத்துக் குடுத்தேன். அது ஒண்ணுதான் அவனுக்குத் துணை. அவன்கிட்ட குடுங்களேன் போனை."

நான் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கத் தொடங்கினேன். கம்பிக்காரர் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார். அண்ணன் சொன்னார். தேதியைச் சொன்னார், பலகையைச் சொன்னார், பெயர் மாற்றியதைச் சொன்னார். எங்கே அடக்கம் செய்தது என்பதையும், அங்கே பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருப்பதையும் சொன்னார். நடுவில் ஒரு இடத்திலும் 'ஆனால்' என்று சொல்லவில்லை. அறிவிப்பில் பதினான்கு விதிகள் இருந்தன. நான் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒன்றுகூட நினைவில்லை.

எல்லாம் கேட்ட பிறகு அந்தக் குரல், "மணி எத்தனை?" என்று கேட்டது.

"இப்பவாம்மா?"

"அன்னைக்கு."

"நாலும்மா."

"நாலு மணிக்கு நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு யோசிக்கிறேன்" என்றாள். பிறகு அழுகை வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. "அந்த இடம் இருக்கா இன்னும்?"

"கட்டடம் முடிஞ்சுதும்மா. குடித்தனம் இருக்காங்க. அந்த இடத்துல லிஃப்ட் ஓடுது."

"வியாழக்கிழமை வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கவுண்டரில் அந்த அம்மா தேதியை எழுதி முத்திரை குத்தினாள். முத்திரையை மெதுவாகத்தான் வைத்தாள்.

புதன்கிழமை சைட்டை நிறுத்தினார்கள். பத்தொன்பது பேருக்கும் பக்கத்துக் கான்ட்ராக்டரிடம் இடம் பேசி வைத்திருந்தார் அண்ணன். சாயங்காலம் கடைசியாக வாசலில் நின்று விரல் மடக்கினார். நானும் கூட எண்ணினேன். பத்தொன்பது. அவர் விரலிலும் பத்தொன்பதுதான். கடைசி ஆள் தெருமுனை திரும்பிய பிறகும் அவர் இருபதுக்கான விரலை மடக்காமல் வைத்துக்கொண்டு திறந்த கேட்டைப் பார்த்தபடியே நின்றார். மணல் மேட்டில் அண்ணி வைத்த டம்ளரைக் கம்பிக்காரர் எடுத்தார். அவருக்கு அன்று காலையில்தான் எண் கிடைத்திருந்தது. திரையில் இப்போது உயிருடன் என்று வந்ததாம். "என் பேருக்கு ஊத்துனதுதானே" என்று சொல்லிக் குடித்தார். "சக்கரை இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை அக்கா வந்தாள். நாங்கள் எதிர்பார்த்ததைவிட உயரம். துணிப்பை ஒன்று. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த தலை கலைந்திருந்தது. அண்ணனைப் பார்த்து நீங்கள்தானா என்று கேட்கவில்லை. வேறு யாராக இருக்க முடியும் என்பது போல அவர் பின்னாலேயே நடந்தாள். அண்ணி அவள் பையை வாங்கிக்கொண்டாள். அவளும் கொடுத்தாள்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சைக்கிள்கள், தபால் பெட்டிகள், யாரோ காய வைத்த மிதியடி. லிஃப்ட் கதவு சாதாரணமான ஒரு லிஃப்ட் கதவு. அண்ணன் ஒன்பது வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்கு எத்தனையோ தடவை ஒழுகல் பார்க்க வந்திருக்கிறார். ஒருதரம்கூட அதில் ஏறியதில்லை. நாலு மாடியும் படிதான்.

அக்கா கதவைத் திறந்து உள்ளே போய் நின்றாள். "நீங்களும் வாங்க" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கைகொடுக்கிற மாதிரி ஏதோ செய்தேன். அது போய்வாருங்கள் என்பது போலத்தான் இருந்திருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கால் எடுத்து வைத்தார். கதவு மூடியது. நானும் அண்ணியும் கீழே நின்றோம். கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் மாடி எண் ஒன்று வந்தது.

அப்போது குழிக்குள்ளிருந்து விசில் கேட்டது.

அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். அதே பாட்டு. கொஞ்சம் மெதுவாக, பெண் மூச்சில், ஆனால் அதே பாட்டு. கதவின் இடுக்கு வழியாக, சுவர் வழியாக, மேலே ஏறிக்கொண்டே போனது. இரண்டு வந்தது. நான் விரலை மடக்கிக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் கவனித்தேன். மூன்று வந்தது.

மூன்றில் அது நிற்கும் என்று நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்தோம்.

நிற்கவில்லை. எங்களுக்குத் தெரியாத மிச்சப் பாட்டு அதற்கப்புறம் இருந்தது. நான்காவது மாடியில் போய் முடிந்தது.